ஸ்நாப் வேலைத் திட்டம்: முதல்ல மணிக்கணக்கா, இலக்கா?

1. புதுப்பேனா

எல்லாருக்கும் வணக்கம். ஸ்நாப் (அமெரிக்க அரசோட உணவு உதவி) வாங்கறவங்களுக்கான வேலை-பயிற்சித் திட்டமான இ அண்ட் டி-ல கேஸ் மேனேஜரா தனிநபர் வேலைத் திட்டம் எழுதப் பழகறேன். கீழே இருக்கறது பயிற்சிக்காக உருவாக்கின கற்பனைக் கேஸ், நிஜ ஆள் இல்ல. நான் போட்ட திட்டம் சரியான்னு பார்த்துச் சொல்லுங்க.

52 வயசு ஆண், தனி ஆள், பிள்ளைங்க இல்ல. கிடங்குல பொருள் அடுக்கற வேலை, வாரத்துக்கு 12 மணி நேரம், மணிக்கு 18.50 டாலர். கார் கிடையாது, பஸ்தான். ஹைஸ்கூல் முடிக்கல. முதுகு வலின்னு சொல்றார், டாக்டர் சீட்டு எதுவும் கொண்டு வரல. "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டணும், முழுநேரமா வேலை வேணும்" அப்படிங்கறார்.

என் கணக்கு: மாசத்துக்கு 4.3 வாரம், 12 × 4.3 = 51.6. ஏபாட் ஆளுக்கு (உடல் திறன் உள்ள, யாரையும் பராமரிக்கற பொறுப்பு இல்லாத பெரியவர்) மாசம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ வேணும், அப்போ 28.4 குறையுது. 29-ஆ முழுசாக்கி, 20 மணி நேரம் மேற்பார்வையோட வேலை தேடல், 9 மணி நேரம் ஜி.ஈ.டி. (ஹைஸ்கூல் டிப்ளமோவுக்கு இணையான தேர்வு) வகுப்புன்னு போட்டேன். இலக்கு: 6 மாசத்துல ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர்.

2. ஆற்றுமணல்

இது நிக்காதுங்க. வேலை தேடலும் வேலை தேடும் பயிற்சியும் ஏபாட் கணக்குல துணைக்கறி மாதிரிதான், சோறு ஆகாது. பாதிக்குக் குறைவா இருந்தாத்தான் அந்த நேரம் சேரும். எதுல பாதின்னு சண்டை வராம இருக்கணும்னா, திட்டத்துக்குள்ள நீங்க போடற மணி நேரத்துலயே பாதிக்குக் கீழ வைங்க. 29-ல 14 தேடல், 15 வகுப்பு. உங்க 20-9 ஆடிட்ல முதல் பார்வையிலயே மாட்டும்.

ஒரு விதிவிலக்கு: அதே ஆள் வியோவாங்கற இன்னொரு கூட்டாட்சி வேலைப் பயிற்சித் திட்டத்துல சேர்ந்து, அதுக்குள்ள வேலை தேடினா இந்தப் பாதிக் கட்டுப்பாடு கிடையாது. எந்தத் திட்டத்தோட பேர்ல அந்த மணி நேரம் பதிவாகுதுங்கறதுதான் முக்கியம். பல மாவட்டங்கள்ல ரெண்டு திட்டமும் ஒரே கட்டடத்துல, ஒரே மேசையில நடக்கும். வருகைப் பதிவுல எந்தப் பெட்டியை டிக் பண்றாங்கன்னு போய்ப் பாருங்க.

3. கணக்குப்பிள்ளை

ரெண்டு பேரும் ஒரு படி தாண்டிட்டீங்க.

12 × 18.50 = 222 டாலர், வாரத்துக்கு. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 7.25-ஐ 30 மணி நேரத்தால பெருக்கினா 217.50. வாரச் சம்பளம் அதைத் தொட்டாலே ஸ்நாப்போட பொதுவான வேலை நிபந்தனையிலேர்ந்து விலக்கு. அதுல விலக்குன்னா, 80 மணி நேரம் காட்டாத ஏபாட் ஆளுக்கு மூணு மாசம்தான் உதவிங்கற கெடுவும் அவருக்கு ஓடாது. மணி நேரம் 30 இருக்கணும்னு இல்ல, சம்பளம் இருந்தாப் போதும். மாநிலக் கூலி 15 ஆனாலும் 16 ஆனாலும் இந்த இடத்துல 7.25-தான் அளவுகோல்.

ஆக இவருக்கு 80 மணி நேரக் கணக்கே இல்ல. 14-15-ம் வேணாம், 20-9-ம் வேணாம்.

4. புதுப்பேனா

ஐயோ. அப்போ திட்டமே தேவையில்லையா சார்? தூக்கிப் போட்டுடலாமா?

5. கணக்குப்பிள்ளை

வேணாம் தம்பி. விலக்கு உள்ளவரும் விருப்பத்தோட சேரலாம். கட்டாயம் போய் விருப்பம் வருது, அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு முழுநேர வேலை வேணும்னா திட்டம் எழுதத்தான் வேணும்.

அடுத்த கேள்வி: அந்த விலக்கு எவ்வளவு உறுதி? 217.50-ஐ 18.50-ஆல வகுத்தா 11.757. அதாவது 11 மணி 46 நிமிஷம். இவர் வேலை பார்க்கறது 12 மணி. விலக்குக்கும் கெடுவுக்கும் நடுவுல வாரத்துக்கு 14 நிமிஷம் இருக்கு. ஒரு நாள் மேலாளர் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினாப் போச்சு.

நாலு வாரப் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) வாங்கிப் பாருங்க. 12, 12, 11, 13-ன்னு இருந்தா சராசரி 222, தப்பிச்சார். 12, 12, 10, 12-ன்னு இருந்தா 46 மணி நேரம், 851 டாலர், வாரச் சராசரி 212.75. விலக்கு இல்ல. பேட்டியில அவர் "பன்னெண்டு மணி நேரம்" சொன்னார்னு எழுதிட்டு நகர்ந்தா இந்த ரெண்டு ஆளும் உங்க கோப்புல ஒரே ஆள்தான்.

இன்னொண்ணையும் கவனிங்க. உங்க 28.4 இந்த ஆளுக்கு எந்த மாசமும் வராது. 12 மணி நேரம் பார்த்தா விலக்கு, குறையே கிடையாது. 11 மணி 46-க்குக் கீழ போனா விலக்கு போகுது, அப்போ குறை 29.4-க்கு மேலதான். 10 மணி நேரமா இறங்கினா 43 தான் தேறும், 37 குறையும். மாற்றுத் திட்டத்தை 37-க்கு எழுதி வைங்க. 29-க்கு எழுதினது தேவைப்படற அன்னிக்கே பத்தாமப் போகும்.

6. நாலாம் ஜன்னல்

தகுதி நிர்ணயம் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை. விலக்கு உண்டு, இல்லன்னு முடிவு பண்றது கேஸ் மேனேஜர் வேலை இல்ல, அதுவும் வெளி ப்ரொவைடர் (பயிற்சி தர்ற நிறுவனம்) ஆளா இருந்தா நிச்சயமா இல்ல. மாநில ஏஜென்சியோட எலிஜிபிலிட்டி ஊழியர்தான் முடிவு பண்ணணும். நல்ல காரணம் இருந்ததா, தண்டனை உண்டாங்கறதும் அப்படித்தான். நீங்க கண்டுபிடிச்சதை அன்னிக்கே எழுத்துல அனுப்புங்க: "வாரச் சம்பளம் 217.50-க்கு மேல வருது, பே ஸ்டப் நாலு இணைச்சிருக்கேன், விலக்கைப் பரிசீலிக்கவும்." ஃபோன்ல சொன்னா அது காத்தோட போகும்.

முதுகு வலியையும் அதே கடிதத்துல சேருங்க. பார்த்ததும் தெரியற இயலாமைக்குச் சீட்டு வேணாம். தெரியலன்னா சான்று வேணும். டாக்டர்தான்னு இல்ல, நர்ஸ், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட், உரிமம் பெற்ற உளவியலாளர், சமூகப் பணியாளர் கொடுத்தாலும் செல்லும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்னு காத்திருக்கறவங்களுக்கு இது தெரிஞ்சா ரெண்டு மாசம் மிச்சம்.

7. வடகாற்று

கணக்கில் யாரையும் மறுக்கவில்லை. ஆனால் வரிசையை மறுக்கிறேன். முதல் சந்திப்பில் 80, 4.3, 217.50 என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குக் கோர்ட்டில் நிற்பது போல் இருக்கும். தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார், அடுத்த வாரம் வரமாட்டார். கணக்கை உங்களுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சை அவர் சொன்ன ஃபோர்க்லிஃப்டிலிருந்து தொடங்குங்கள்.

சரி, ஃபோர்க்லிஃப்ட். தம்பி "6 மாசத்தில் ஆபரேட்டர்" என்று எழுதியிருக்கிறார். இடையில் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. ஃபோர்க்லிஃப்டுக்கு அரசாங்க உரிமம் என்று ஒன்று அமெரிக்காவில் கிடையாது. ஓஷா (பணியிடப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அமைப்பு) விதிப்படி பாடம், செய்முறைப் பயிற்சி, வேலை இடத்தில் மதிப்பீடு ஆகிய மூன்றும் முடிந்த பிறகு முதலாளிதான் சான்று கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது மறுமதிப்பீடு உண்டு. வெளியே காசு கட்டி ஒரே நாளில் வாங்கும் அட்டை, பாடம் கேட்டதற்கான அத்தாட்சி மட்டுமே. புது முதலாளி தன் கிடங்கில், தன் வண்டியில் ஓட்டவைத்துப் பார்த்தாக வேண்டும். இது தெரியாமல் திட்டத்தின் பயிற்சிப் பணத்தை அந்த அட்டைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வேலை கிடைக்கவில்லை என்று ஆளைக் குறை சொல்லும் கோப்புகள் நிறைய.

இவர் ஏற்கெனவே கிடங்கில்தான் வேலை செய்கிறார்! திட்டத்தின் முதல் படி அந்த முதலாளியே. அங்கே ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறதா, யார் பயிற்சி கொடுக்கிறார்கள், எந்த ஷிஃப்டில் ஆள் குறைவு? அவர் கேட்கத் தயங்கினால், என்ன வார்த்தையில் கேட்பது என்று உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். ஒன்பது மணி நேர ஜி.ஈ.டி. வகுப்பைவிட இந்தப் பத்து நிமிஷம் பலன் தரும்.

அப்புறம் அந்த ஜி.ஈ.டி. அவர் கேட்டாரா, அல்லது "ஹைஸ்கூல் முடிக்கல" என்றதும் கை தானாக எழுதிவிட்டதா? ஓஷா பயிற்சிக்கு டிப்ளமோ தேவையில்லை. அக்கம்பக்கத்துக் கிடங்குகளின் வேலை விளம்பரங்களைப் பத்துப் பார்த்து, எத்தனையில் டிப்ளமோ கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் கேட்டால் சேருங்கள். நாலு தாள், ஒவ்வொன்றிலும் 145 வேண்டும். படிப்பை விட்டு 35 வருஷம் ஆனவருக்குக் கணக்குத் தாள்தான் பெரும்பாலும் கடைசிவரை இழுக்கும். எனவே டேப் மாதிரி ஒரு அடிப்படைத் தேர்வு வைத்து நிலை தெரிந்த பிறகே காலக்கெடு எழுத வேண்டும்.

8. ஆற்றுமணல்

வடகாற்று அக்கா சொல்றது பேச்சுக்குச் சரி. காகிதத்துக்குச் சரி வராது. திட்டத்துல நிலை என்னன்னு முதல் வரியில இல்லன்னா, அடுத்த கேஸ் மேனேஜர் கோப்பைத் திறந்ததும் 52 வயசுன்னு பார்த்து நேரா 80 மணி நேரம் போட்டுடுவார். ஆள் மாறிக்கிட்டே இருக்கற வேலை இது.

9. வடகாற்று

காகிதத்தில் முதல் வரி, பேச்சில் கடைசி வரி. ஒப்புக்கொள்கிறேன்.

10. மல்லி

எல்லாரும் பஸ்ஸை விட்டுட்டீங்க 🙂

திட்டத்துல "போக்குவரத்து: பஸ் பாஸ் வழங்கப்படும்"னு ஒரு வரி எழுதி முடிச்சுடறாங்க. பாஸ் இருக்கு, பஸ் இருக்கா? வகுப்பு சாயங்காலம் 6 முதல் 9, கடைசி பஸ் 8.50-ன்னு வைங்க. ஆள் தினமும் 8.35-க்கு எழுந்து போவார், வருகைப் பதிவுல ரெண்டரை மணி நேரம்தான் ஏறும். வாரம் ரெண்டு நாள் வகுப்புன்னா மாசத்துக்கு 4 மணி நேரத்துக்கு மேல காணாமப் போகும். மாசக் கடைசியில 80-க்கு 76 நிக்கும். "ஆள் ஒத்துழைக்கல"ன்னு குறிப்பு எழுதுவாங்க.

அதனால போக்குவரத்து வரியில நாலு விஷயம் இருக்கணும்: எந்தத் தடம், வீட்டுலேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும், திரும்ப எந்த பஸ், அது தவறினா என்ன வழி. அவரையே ஃபோன்ல தடத்தைத் தேடவிட்டு, திரையில வர்ற நேரத்தைப் பார்த்து எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் இருந்தா ஞாயித்துக்கிழமை அட்டவணையைப் பாருங்க, அது வேற.

செலவு விஷயம்: பயிற்சிக்குப் போக நியாயமாத் தேவைப்படற, நேரடியாச் சம்பந்தப்பட்ட செலவைத் திருப்பிக் கொடுக்கறது மாநிலத்தோட கடமை. பஸ், பெட்ரோல், குழந்தைப் பராமரிப்பு, சீருடை, பாதுகாப்பு ஷூ, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் வரும். முன்கூட்டியே கொடுக்கவும் விதி இடம் கொடுக்குது. "ரசீது கொண்டு வா, அப்புறம் தர்றோம்"னு சொன்னா, கையில இருபது டாலர் இல்லாதவர் எப்படிப் போவார்? மாநிலம் ஒரு உச்சவரம்பு வெச்சிருந்து, கட்டாயத் திட்டத்துல இருக்கறவருக்குச் செலவு அதைத் தாண்டினா, கட்டாயத்துலேர்ந்து அவரை விலக்கணும், இல்ல செலவு குறைவான வேறொரு பயிற்சிக்கு மாத்தணும். மீதியை அவர் தலையில கட்டக்கூடாது.

11. புதுப்பேனா

இது எனக்குத் தெரியவே தெரியாது மல்லி அக்கா. நன்றி.

இன்னொரு சந்தேகம். எங்க மாநிலம் "விருப்பத் திட்டம்"னு சொல்றாங்க. அப்போ வரலன்னா தண்டனை இல்ல, சரிதானே? அதையே பயனாளிகிட்ட சொல்லலாமா?

12. நாலாம் ஜன்னல்

சொல்லலாம், ஆனா பாதிதான் சொன்னதா ஆகும். அந்தப் பாதியால பலருக்கு உதவி நின்னிருக்கு.

இ அண்ட் டி கட்டாயமான மாநிலத்துல வரலன்னா தகுதி நீக்கம்: முதல் தடவை குறைஞ்சது 1 மாசம், ரெண்டாவது 3, மூணாவது 6. விருப்பத் திட்டத்துல அது கிடையாது. ஆனா ஏபாட் கெடு தனிக் கடிகாரம். 36 மாசத்துல 3 முழு மாசம், அந்த மாசங்கள்ல 80 மணி நேரமோ விலக்கோ இல்லாம உதவி வாங்கினா முடிஞ்சது. கெடுவைத் தள்ளிவைக்க அனுமதி வாங்கின பகுதிகளைத் தவிர, கட்டாய மாநிலமோ விருப்ப மாநிலமோ, அது ஓடும். "வரலன்னா பரவால்ல"ன்னு கேட்டுட்டுப் போன ஏபாட் ஆள் நாலாவது மாசம் கடையில அட்டையைத் தேய்க்கும்போதுதான் தெரிஞ்சுக்குவார்.

மாசத்து நடுவுல விண்ணப்பிச்சு, பகுதி உதவி வந்த மாசம் கணக்குல சேராது. இதை விட்டுட்டு மாசத்தை எண்ணி, ஒரு மாசம் முன்னாடியே கதவைச் சாத்தற தப்பும் நடக்குது.

கெடு முடிஞ்சவர் திரும்ப வரணும்னா, தொடர்ந்து வர்ற 30 நாளுக்குள்ள 80 மணி நேரம் காட்டணும். அதுக்கு ஏத்தாப்ல திட்டம் எழுதறது தனிக் கலை. வகுப்பு தொடங்கற தேதிக்காக ரெண்டு வாரம் காத்திருந்தா 30 நாள்ல பாதி காலி.

13. ஆற்றுமணல்

இதோட ஒண்ணு. கட்டாயத் திட்டத்துல பொருத்தமான இடமே காலி இல்லன்னா, அது வராததுக்கு நல்ல காரணம், தண்டனை கூடாது. ஆனா அந்த நல்ல காரணம் ஏபாட் 80-ஐ நிரப்பாது. ஒரே சூழ்நிலை, ஒரு விதிக்குச் சாக்கு, இன்னொண்ணுக்குச் சாக்கில்ல. திட்டத்துல ரெண்டையும் தனித்தனி வரியா எழுதினாத்தான் இந்தக் குழப்பம் தீரும்.

14. வடகாற்று

ப்ரொவைடர் பக்கத்திலிருந்து: அனுப்பப்பட்ட ஆளுக்கு அந்தப் பயிற்சி பொருந்தவில்லை என்று ப்ரொவைடருக்குத் தெரிந்தால், 10 நாளுக்குள் மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும். 2021-ல் வந்த விதி. மாநிலம் நாலில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: வேறு பொருத்தமான பயிற்சிக்கு மாற்றுவது, வேலைவாய்ப்புக் கூட்டமைப்பு ஒன்றுக்கு அனுப்புவது, உடல்-மனத் தகுதியை மறுபடி பார்ப்பது, அல்லது வேறு அரசுத் திட்டங்களோடு இணைப்பது.

இதைப் பயன்படுத்த ப்ரொவைடர்கள் தயங்குகிறார்கள், ஆளை விரட்டியதாக ஆகிவிடுமோ என்று. அதனால் பொருந்தாத வகுப்பில் பெயர் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சொல்லிவிடுவதே நல்லது. ஆனால் ஏபாட் ஆளாக இருந்தால் உடனே அவரிடம் பேசுங்கள்: அறிவிப்பு வந்ததற்கு அடுத்த முழு மாதத்திலிருந்து, வேறு வழியில் 80-ஐ நிரப்பாமலும் விலக்கு இல்லாமலும் இருந்தால், மாதங்கள் எண்ணப்படும். மாற்றுத் திட்டம் எழுதாமல் "பொருந்தவில்லை" என்று மட்டும் அனுப்புவது ஆளை நடுத்தெருவில் இறக்கிவிடுவதுதான்.

15. மல்லி

வொர்க்ஃபேர் (உதவித் தொகைக்கு ஈடா சம்பளம் இல்லாம செய்யற வேலை) பத்தி யாரும் பேசலியே? அதுக்கும் 80-தானா?

16. கணக்குப்பிள்ளை

இல்ல. குடும்பத்தோட மாச உதவித் தொகையைக் குறைந்தபட்சக் கூலியால வகுக்கணும். இங்க கூட்டாட்சி, மாநிலம் ரெண்டுல எது அதிகமோ அது. உதவி 180, மாநிலக் கூலி 15-ன்னா 12 மணி நேரம். அந்த 12-ஐ முடிச்சாலே ஏபாட் நிபந்தனை நிறைவு. 7.25 மட்டுமே உள்ள மாநிலத்துல அதே 180-க்கு 24.8, பின்னத்தை விட்டா 24 மணி நேரம்.

உதவித் தொகை மாறினா மணி நேரமும் மாறும். அதனால திட்டத்துல "12"-ன்னு மட்டும் எழுதாதீங்க, "180 ÷ 15 = 12, தொகை மாறினா மறுகணக்கு"ன்னு எழுதுங்க. ஒரே வீட்டுல ரெண்டு பேர் வொர்க்ஃபேர்ல இருந்தா, அந்த 12 ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஆளுக்கு 12 போட்டு அனுப்பினா ஒருத்தர் சும்மா உழைச்சதா ஆகும்.

கட்டாய இ அண்ட் டி-க்கு மேல்வரம்பும் உண்டு. பயிற்சி, வொர்க்ஃபேர், சம்பள வேலை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு மாசம் 120 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

17. புதுப்பேனா

வயசு விஷயத்துலயும் எனக்குக் குழப்பம். பழைய பயிற்சிக் கையேட்டுல 49, இன்னொண்ணுல 54, இப்போ 64-ங்கறாங்க.

18. நாலாம் ஜன்னல்

மூணும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. 1996 சட்டத்துல 49 வரை. 2023 சட்டம் படிப்படியா 54-க்கு ஏத்தியது, 2024 அக்டோபர்ல 54 ஆச்சு. 2025 ஜூலை 4-ல கையெழுத்தான சட்டம் 64 ஆக்கிடுச்சு. அதே சட்டம் பெற்றோர் விலக்கை 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை இருந்தாத்தான்னு சுருக்கினது. வீடில்லாதவங்க, முன்னாள் படைவீரர், வளர்ப்புப் பராமரிப்புலேர்ந்து வெளிய வந்த இளையவங்களுக்கு 2023-ல வந்த விலக்கையும் எடுத்துடுச்சு. அமெரிக்கப் பழங்குடியினருக்குப் புதுசா விலக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கான விலக்கு அப்படியே இருக்கு.

பொது வேலை நிபந்தனை இன்னும் 16 முதல் 59 வரைதான். அதனால 61 வயசுக்காரர் பொது நிபந்தனையில வர மாட்டார், ஆனா ஏபாட் கெடுவுல வருவார். பழைய வார்ப்புரு "60+ விலக்கு"ன்னு ஒரே பெட்டியா வெச்சிருந்தா அதை மாத்தச் சொல்லுங்க.

13 வயசுப் பிள்ளை உள்ள தாய்க்குத் திட்டம் எழுதறப்போ பிள்ளையோட 14-வது பிறந்த நாளைக் குறிச்சுக்குங்க. நிலை மாறற நாள் அது, மறுபரிசீலனைத் தேதி அதுக்கு முன்னாடி வரணும்.

19. வடகாற்று

நம் கேஸுக்குத் திரும்பினால், யாரும் தொடாத ஒன்று: சம்பளம் ஏறினால் உதவி எவ்வளவு குறையும் என்று அவரிடம் சொன்னீர்களா? கூடுதல் ஷிஃப்ட் வேண்டாம் என்று மறுப்பவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை, "சம்பாதித்த அத்தனையும் ஸ்நாப்பில் பிடித்துக்கொள்வார்கள்" என்று நம்புகிறவர்கள்.

கணக்கு எளிது. 100 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தால் 20 சதவீதம் கழிவு, மிச்சம் 80. அதில் 30 சதவீதம், அதாவது 24 டாலர் உதவியில் குறையும். வாடகைக் கழிவு வாங்குகிறவருக்கு அந்தக் கழிவும் சேர்ந்து சுருங்குவதால் 36 வரை போகலாம். எப்படிப் பார்த்தாலும் கையில் 64 டாலராவது நிற்கும், வரிக்கு முன்.

ஆனால் முழுநேரம் போனால்? 40 × 18.50 × 4.3 = 3,182. ஸ்நாப் நின்றுவிடும். அதை மறைக்கக்கூடாது. எந்த மாதத்தில் நிற்கும், அன்றைக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். வேலை கிடைத்த பிறகு குறைந்தது 30 நாள், அதிகபட்சம் 90 நாள் வேலை தக்கவைப்புச் சேவை உண்டு. ஷூவும் பஸ் செலவும் அதில் வரும். முதல் சம்பளம் வரும் வரை உள்ள இரண்டு வாரம்தான் பெரும்பாலும் ஆளை உடைக்கிறது.

20. புதுப்பேனா

எல்லாத்தையும் சேர்த்துத் திருப்பி எழுதியிருக்கேன். கிழிச்சுப் போடுங்க.

*நிலை:* வாரச் சம்பளம் 222 (பே ஸ்டப் 4 இணைப்பு). 217.50-க்கு மேல. விலக்குப் பரிசீலனைக்கு எலிஜிபிலிட்டிக்கு அனுப்பப்பட்டது. விருப்பப் பங்கேற்பு.

*அவர் சொன்னபடி இலக்கு:* "இப்ப இருக்கற கிடங்குலயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டணும், வாரம் 40 மணி நேரம் வேணும்."

*முதல் 2 வாரம்:* முதுகு வலிக்குக் கிளினிக் சான்று: அவர் போவார், அப்பாயின்ட்மென்ட் எடுக்க நான் கூட இருந்து உதவுவேன். உட்கார்ந்து ஓட்டறதும் வண்டி அதிர்வும் முதுகுக்கு ஒத்து வருமான்னு அங்கேயே கேட்கறது. மேலாளர்கிட்ட பயிற்சி கேட்கறது: அவர், ஒத்திகைக்கு அப்புறம்.

*3 முதல் 6 வாரம்:* முதலாளி சம்மதிச்சா அங்கேயே பயிற்சி, பாதுகாப்பு ஷூ செலவு திட்டத்துலேர்ந்து, முன்பணமா. சம்மதிக்கலன்னா பத்து விளம்பரம் பார்த்து, உள்ளேயே பயிற்சி தர்ற கிடங்குகளுக்கு விண்ணப்பம்.

*போக்குவரத்து:* தடம், கிளம்பற நேரம், திரும்பற பஸ், தவறினா வழி (நாலும் நிரப்பினேன்).

*சம்பளம் குறைஞ்சா:* எந்த வாரமாவது 11 மணி 46 நிமிஷத்துக்குக் கீழ போனா அந்த வாரமே எனக்கு ஃபோன். மாற்றுத் திட்டம் 37 மணி நேரம்: 19 மணி நேரம் வேலை அனுபவம், 18 மணி நேரம் மேற்பார்வைத் தேடல்.

*மறுபரிசீலனை:* 30 நாள்.

21. ஆற்றுமணல்

ரொம்பத் தேவலை. 19-18 பாதிக்குக் கீழ நிக்குது. ஒரே ஒரு குறை: ஒருத்தர் ஒரு நாள் வரலன்னா 18 தேடல் அப்படியே இருக்கும், 19 அனுபவம் 15 ஆகும், தேடல் பாதியைத் தாண்டிடும், மொத்தமும் குறையும். 25-12-ன்னு வைங்க. தேடல்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ள ஊழியரோட சந்திப்பு கட்டாயம், நேர்லயோ ஃபோன்லயோ. அந்தத் தேதியையும் இப்பவே போடுங்க.

22. கணக்குப்பிள்ளை

"எந்த வாரமாவது" தப்பு. சராசரிதான் கணக்கு. ஒரு வாரம் 11, அடுத்த வாரம் 13-ன்னா ஒண்ணும் ஆகாது, பாவம் அவர் பயந்து ஓடி வருவார். "ரெண்டு வாரம் தொடர்ந்து 12-க்குக் கீழ போனா, இல்ல ஷிஃப்டைக் குறைக்கப்போறோம்னு மேலாளர் சொன்னா" அப்படி மாத்துங்க. அவருக்கு 11 மணி 46 நிமிஷம் ஞாபகம் இருக்காது, 12 இருக்கும்.

23. மல்லி

கையெழுத்து வாங்கினதும் ஒரு பிரதி அவர் கையில கொடுங்க. ஃபோன்ல படம் எடுத்துக்கச் சொன்னா இன்னும் நல்லது, காகிதம் பஸ்லயே தங்கிடும்.

24. புதுப்பேனா

25-12 ஆக்கிட்டேன், "ரெண்டு வாரம்"னு மாத்திட்டேன். கணக்குப்பிள்ளை சார், பே ஸ்டப்புல மொத்தச் சம்பளத்தைத்தானே எடுக்கணும், பிடித்தம் போனதை இல்லையே?

25. கணக்குப்பிள்ளை

மொத்தம்தான். பிடித்தம் போன தொகையைப் பார்த்தா 217.50-ஐத் தொடாது, விலக்கு இல்லன்னு எழுதிடுவீங்க.